ஏழாம் வகுப்பு 'டி' பிரிவுக்குக் கணக்கு டீச்சர் கேட்டுப் போனது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உடம்புக்கு இங்கே எல்லோரும் நலம். மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் மருமகள் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கியதற்கு நீ போனில் என்னைத் திட்டினாய். விஷயத்தை முழுதாகக் கேள். அவள் படிக்கும் ஏழாம் வகுப்பு 'டி' பிரிவில் நாலு மாதமாகக் கணக்கு டீச்சரே இல்லை. அந்த நேரத்தில் விளையாட்டு வாத்தியார் வந்து வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டு விசிலைத் துடைத்துக்கொண்டிருப்பாராம். கேட்டே தீருவது என்று நேற்று லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகிற வழியில், சீருடையும் கருவிப் பையுமாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். அதுதான் தப்பு. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "ஃபேன் ரிப்பேர்தானே? வாங்க வாங்க!" என்று கையைப் பிடித்து 'ஏ' பிரிவுக்கு இழுத்துப் போய் ஏணியில் ஏற்றிவிட்டார். நான் பெற்றோர் என்று சொல்லச் சொல்ல, "முதல்ல சத்தத்தை நிறுத்துங்க" என்றார் தலைமையாசிரியை. ஃபேன் சத்தமா என் சத்தமா என்று தெரியாததால் இரண்டையும் நிறுத்தினேன். மேலேயிருந்து பார்த்தால் நாலு ஃபேன், புதுக் கரும்பலகை, பின்னத்தை ரொட்டி மாதிரி பிய்த்துப் பிய்த்துப் புரியவைக்கும் டீச்சர். எனக்கே புரிந்தது, அக்கா!

"'டி' பிரிவு ஃபேனையும் பார்த்துடட்டுமா?" என்றேன்.

"அங்க ஃபேனே இல்லையே, எப்படி ரிப்பேராகும்?" என்றார் தலைமையாசிரியை அம்மையார்.

"கணக்கு டீச்சர்?"

"அந்தப் பிள்ளைங்க முதல்ல மார்க் வாங்கட்டும், நல்ல டீச்சரா அனுப்பறோம்."

"டீச்சர் இல்லாம எப்படிம்மா வாங்குவாங்க?"

"அதான் வாங்கலையே!"

நான் அப்படியே ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் தொங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு உயரமா? இரண்டு பாடவேளை போயிற்று. கடைசியில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு நாளையிலேர்ந்து 'ஏ'ல உட்காரட்டும். தயவுசெஞ்சு இறங்குங்க" என்றார். இறங்கினேன். ஜெயித்துவிட்டேன், அக்கா!

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். சண்டை வராமல் பிரித்துக் கொடு.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் மருமகள் பள்ளியிலிருந்து வந்தாள். 'ஏ' பிரிவில் உட்காரவே இல்லையாம். பையைத் தூக்கிக்கொண்டு 'டி'க்கே போய்விட்டாளாம். "ஏண்டி?" என்று கத்தினேன். "இன்னும் முப்பத்தெட்டு பேர் இருக்காங்கப்பா. அவங்களுக்காக யாரு கேப்பாங்க?" என்றாள். ஆகவே மேலே ஜெயித்ததாக எழுதியதை அடித்துவிட்டுப் படி. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். கவரை அப்படியே வைத்துவிட்டுப் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டியாயிற்று; ஒன்பது வீட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கூட வருகிறோம் என்றார்கள். இன்னும் இருபத்தேழு வீடு பாக்கி. கழித்துச் சொன்னவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கிளம்புகிறேன்.