ஏழாம் நம்பர் லிஃப்டும் ஒரு கடைவாய்ப் பல்லும்

"அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்றாள் மகள், போனில்.

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பை ஓட்டும் பல் டாக்டருக்கு இது சுருக்கென்றது.

"நான் என்னம்மா பேசிடப் போறேன்?"

"'ஏழாம் நம்பர் லிஃப்ட்' பத்தி மூச்சு விடக் கூடாது. பல்லு வலின்னு வர்றவர் அந்த சீரியலோட டைரக்டர். பல்லைப் பிடுங்கினமா, அனுப்பினமான்னு இருங்க."

டாக்டர் வாலிப வயதில் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்த சீரியல் அது. இப்போது அதைத் தூசி தட்டி, புது ஆட்களைப் போட்டு, மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் ஒரு நாள் விடாமல் பார்த்தார். ஒரு நாள் விடாமல் திட்டவும் செய்தார்.

மகளுக்குக் கதை எழுதுவதென்றால் உயிர். தான் எழுதியதை இந்த டைரக்டரிடம் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவளைவிட அப்பாதான் அந்தப் பதிலுக்காகத் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். அவள் பெயரை டி.வி.யில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் அவருக்கு.

டைரக்டர் வீங்கிய கன்னத்தோடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் பேசவில்லை. ஊசி போட்டார். பேசவில்லை. வாய் மூடிக்கொள்ளாமலிருக்க ரப்பர் கட்டையை வைத்தார். அப்போதும் பேசவில்லை. நர்சம்மாவே கவலைப்பட ஆரம்பித்தார்.

பல்லை அசைக்கத் தொடங்கியதும் நாக்கு தானாகப் புரண்டது.

"உங்க சீரியல் பாக்கறேன் சார். லிஃப்ட் ரொம்ப நல்லா ஓடுது."

நர்சம்மா இருமினார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"அதுதான் சார் கோளாறே! பழைய சீரியல்ல லிஃப்ட் பாதி வழியில நின்னுடும். மாட்டிக்கிட்ட நாலு பேரு பேசிப்பாங்க. அதுதான் கதை. இப்ப ஏறுறாங்க, இறங்குறாங்க, போயிட்டே இருக்காங்க. ஒழுங்கா ஓடற லிஃப்டுக்கு எதுக்கு சார் ஒரு சீரியல்?"

"ஆ... ங்ஆ..." என்றார் டைரக்டர்.

டாக்டருக்கு வியர்த்தது. மகளின் முகம் கண்முன் வந்து போனது. சட்டென்று கட்சி மாறினார்.

"பழசு மட்டும் என்ன வாழுது, விடுங்க! லிஃப்ட்மேன் கடைசி வரைக்கும் ஒரே சட்டையில வந்தாரு. கேமரா எந்நேரமும் அவர் காதையே காட்டிட்டிருக்கும். புதுசு எவ்வளவோ தேவலை."

நர்சம்மா அவர் காதருகே குனிந்தார். "டாக்டர், பழசை எடுத்ததும் இவருதான்."

இனி இரண்டு பக்கமும் வழியில்லை. பழியைத் தூக்கிப் போட மூன்றாவதாக ஒரு தலை வேண்டியிருந்தது. எங்கோ கண்காணாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் தலையாக இருந்தால் நல்லது.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லை சார். எல்லாம் எழுதற ஆளு பண்ற வேலை. புதுசா ஒரு அப்பா கேரக்டர் வருதே, பாத்தீங்களா? யாரையும் பேச விடாது. எதிராளி என்ன சொல்ல வர்றான்னு காது கொடுத்துக் கேக்காது. அதுபாட்டுக்குப் பேசிட்டே இருக்கும். இப்படி ஒரு ஜென்மம் உலகத்துல எங்கயாவது உண்டா சார்?"

டைரக்டர் ஏதோ சொல்ல முயன்றார். "பேசக் கூடாது, பேசக் கூடாது" என்று டாக்டர் இன்னொரு பஞ்சுருளையை உள்ளே திணித்தார்.

டைரக்டரின் தோள்கள் குலுங்கின. கண்ணோரம் நீர் வழிந்தது. கையைத் தூக்கி, காற்றில் எழுதுவதுபோல் காட்டி, டாக்டரைச் சுட்டினார்.

'நம்மைப் பத்திப் புகார் எழுதப் போறாரு!' என்று நினைத்த டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அந்த ஆளை மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க சார்! எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு, தங்கமா எழுதும். பெத்தவன்ங்கறதுக்காகச் சொல்லலை."

பல் கையோடு வந்தது. டைரக்டர் எழுந்து, பஞ்சைக் கடித்தபடி, டாக்டரின் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, இன்னும் குலுங்கிக்கொண்டே வெளியே போனார்.

டாக்டர் நோயாளி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் தன் வாயாலேயே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைக்க, உண்மையிலேயே அழுகை முட்டியது. அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

வெளியே டைரக்டர் நர்சம்மாவிடம் குழறிக் குழறி வெகுநேரம் ஏதோ சொல்வது கேட்டது. மரத்துப்போன வாயிலிருந்து வரும் பேச்சு நர்சம்மாவுக்கு மட்டும்தான் புரியும். வருஷக்கணக்கான பழக்கம்.

நர்சம்மா உள்ளே வந்தார்.

"ரொம்பக் கோவமா போறாரா?" டாக்டர் நாற்காலியில் கிடந்தபடியே கேட்டார்.

"கோவமா? சிரிப்பை அடக்க முடியலையாம் டாக்டர். அந்த அப்பா வர்ற சீனெல்லாம் வேற பேர்ல எழுதறது நம்ம பாப்பாதானாம், அவ்வளவு தத்ரூபமா எங்கேருந்து பிடிக்கறான்னு இத்தனை நாளா யோசிச்சிட்டிருந்தாராம்."