அய்யனார் லெவன்

இந்த வருஷம் ஜெயிக்காமல் விடுவதில்லை என்று ஏப்ரல் முதல் தேதி சபதம் எடுத்தேன். தேதியைக் கவனித்திருக்கலாம்.

நான் முத்துப்பாண்டி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. எங்கள் ஷிப்டில் ஒன்பது பேர் சேர்ந்து போனிலேயே ஒரு கற்பனை கிரிக்கெட் லீக் நடத்துகிறோம். நிஜ ஆட்டக்காரர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி அவரவர் டீம் போட வேண்டும். அவன் அங்கே அடித்தால் நமக்கு இங்கே புள்ளி. கேப்டனாகப் போட்டவன் அடித்தால் இரட்டைப் புள்ளி. காசு கட்ட வேண்டாம். மானத்தைக் கட்டினால் போதும்.

சபதத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு முன்ரூம். அதில் சுவரளவுக்கு ஒரு டிவி மாட்ட வேண்டும் என்பது என் கனவு. அதே ரூமில் நாலு தையல் மிஷின் போட்டு, செட்டியார்பட்டியிலிருந்து நைட்டி ஆர்டர் எடுத்துத் தைக்க வேண்டும் என்பது என் மனைவி யுவராணியின் கனவு.

"நான் லீக்குல ஜெயிச்சா டிவி. தோத்தா உன் மிஷினு. சம்மதமா?"

"லீக்குன்னா? குழாயில ஒழுகுமே, அதா?"

"அது லீக்கு. இது லீக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கு. சரி, சம்மதம்."

ஒரு ஓவருக்கு எத்தனை பந்து என்றுகூட இவளுக்குத் தெரியாது. பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. ரெண்டையும் அய்யனார் படத்துக்கு முன்னால் போட்டு, ஆட்டக்காரன் பேரைச் சத்தமாகச் சொல்லி ஒன்றை எடுப்பேன். வெள்ளை வந்தால் அவன்தான் கேப்டன். சிவப்பு வந்தால் சாமிக்கு இஷ்டமில்லை, வேறு ஆளைப் போடுவேன். பெண் எடுக்கவும் கிணறு வெட்டவும் கேட்கிறார்கள். கேப்டனுக்குக் கேட்டால் என்ன? முதல் ரெண்டு வாரம் நான்தான் முதலிடம்.

"ஏங்க, பஞ்சு ஒட்டுன கையோட சாமிப் பூவைத் தொடுறீகளே, குத்தமாயிரும். குடுங்க, நான் மடிச்சு வைக்கேன்" என்றாள் யுவராணி. பக்தி வந்துவிட்டது என்று நெகிழ்ந்து போனேன்.

அன்றைக்குச் சிவப்பு. மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் மத்தியானம், இலை அசையாத புழுக்கம். சிவப்பைப் பிரித்த கையோடு சூடம் தானாக அணைந்தது. போன் கிணுங்கியது. லீக்கில் பத்தாவதாக ஒரு டீம் சேர்ந்திருந்தது.

பெயர், அய்யனார் லெவன். படத்தில் முகம் இல்லை. பிதுங்கிய ரெண்டு கண் மட்டும் என்னையே பார்த்தது.

மில்லில் கூட்டாளி ஞானதுரையைப் பிடித்தேன். "ஏலே, பத்தாவது ஆளு யாரு?"

"நீ சேத்தேன்னுல்லா நெனச்சேன்."

"நான் சேக்கலியே."

"அப்பொறம் யாருலே?"

யாரும் சேர்க்கவில்லை. லீக்கில் சேரும் லிங்க் எங்கள் ஒன்பது பேர் போனைத் தவிர எங்கும் கிடையாது. ஆனால் அந்த டீம் வாரத்துக்கு ஒருவராக விழுங்கிக்கொண்டே மேலே வந்தது. அதைவிடக் கொடுமை, சிவப்பு வந்து நான் கைவிடும் ஆள் எவனோ அவனே அன்று அங்கே கேப்டன். அவனே அன்று வெளுத்து வாங்குவான். நான் யாருக்காகப் பூப் போட்டேன் என்பது எனக்கும் சாமிக்கும் மட்டுமே தெரியும். யுவராணி பக்கத்தில் நிற்பாள், அவளை ஓர் ஆளாகச் சேர்க்க முடியாது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. படத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்கு, அய்யனார் கோவிலுக்கே போனேன். யுவராணி பார்த்துப் பார்த்துத் தேங்காய் பழம் எடுத்துக் கொடுத்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. காட்டுக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. தேங்காயை உடைத்தேன். அழுகல். கறுப்பாகக் கையில் வழிந்தது.

பூசாரி மாரிச்சாமியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, நம்ம சாமி ஆடுமா?"

"ஆடுமாவா? ஆட ஆரம்பிச்சா நாலு பேரு பிடிச்சாலும் நிக்காது."

"அம்புட்டு ஆட்டமா? தோக்கடிக்க வழியே இல்லியா?"

"யாரை?"

"சாமியை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருநீறை உச்சந்தலையில் கொட்டினார்.

மலையடிவாரம் தாண்டியதும் சிக்னல் வந்தது. லீக் குரூப்பில் அய்யனார் லெவன் முதல்முறையாகப் பேசியிருந்தது.

"முத்துப்பாண்டி, நீ உடைச்ச தேங்காய் அழுகல்."

சாமி ஒருமையில்தான் பேசும். அதில் எனக்கு வருத்தமில்லை. பைக்கை ஓட்டத் தைரியமில்லாமல் செத்த தூரம் உருட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"யுவராணி, அய்யனாரே என்கூடப் போட்டிக்கு நிக்காரு."

"விட்டுக்குடுத்துருங்க. சாமிகூட மோதுனா குடும்பத்துக்கு ஆகுமா?"

"அப்போ டிவி?"

"டிவி பெருசா, உசுரு பெருசா?"

ஆனாலும் விடவில்லை. இறுதி ஆட்டத்தன்று நான் பதினோரு புள்ளிதான் பின்னால். மும்பை டீமின் நெட்டையன் பேரைச் சொல்லிப் பொட்டலம் எடுத்தேன். சிவப்பு. அவனை விட்டேன். தொண்ணூற்றிரண்டு அடித்தான். அய்யனார் லெவன் கோப்பையைக் கொண்டு போயிற்று.

மறுநாள் காலை சாமி அலமாரி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழும்போது, எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலம் கண்ணில் பட்டது. பிரித்தேன். அதிலும் செவ்வரளி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளைப் பூவையே சிவப்பாக்குகிற சாமியிடமா மோதினேன்! "தோத்துட்டேன் அய்யா, மன்னிச்சிருங்க" என்று குரூப்பில் எழுதினேன்.

ஷிப்டே பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரெண்டு கண்ணும் உடனே பதில் போட்டது.

"ஏங்க, மிஷின் ஏத்துன வண்டி கிளம்பிருச்சாம். முன்ரூமை ஒழிச்சு வைங்க."

எந்தச் சாமியும் பக்தனை 'ஏங்க' என்று கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.