எடைமேடைக்காரர் எழுதிய நூறு தாள்கள்

மகளை அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தே தீருவது என்று எடைமேடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போது முடிவெடுத்தார். எடுத்த முடிவை வாய் கொப்பளிக்கும் வரைகூட வைத்திருக்கத் தெரியாதவர். வாய் நிறைய நுரையோடு கூடத்துக்கு வந்து அறிவித்தார்.

நூறு பேர் மனுப் போட்டால் ஒன்பது பேருக்கு இடம் தருகிற பல்கலைக்கழகம் அது. பள்ளியில் மூன்று வருடம் வாங்கிய மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்; பொது நுழைவுத் தேர்வையும் பார்ப்பார்கள்.

"பள்ளிக்கூட மார்க் இருக்கே, அது லாரியோட சேத்துப் போடுற எடை," என்றார் மனைவியிடம். இருபத்திரண்டு வருடமாக நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை எடை போடுகிறவர். "டிரைவர், தார்ப்பாய், டயர்ல ஒட்டின சேறு எல்லாம் அதுல சேர்த்தி. நுழைவுத் தேர்வுதாம்மா சுத்தமான சரக்கு எடை!"

"மூணு வருஷம் தினமும் போட்ட எடை பொய்யி, மூணு மணி நேரத்துல போடுறது நெசமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியலதாங்க," என்றாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் இப்படி மளமளவென்று ஒப்புக்கொண்டால் அவர் பயப்பட வேண்டும். இத்தனை வருடத்தில் அதை மட்டும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகளுக்கு எதிரே உட்கார்ந்து அதை அமுக்குவார். அமுக்கிய கணமே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். கட்டுரை எழுதச் சொன்னால் எட்டுப் பக்கம் எழுதுகிற பெண், நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொன்னால் நாலையும் மாறி மாறித் தொட்டாள். முதல் மாதிரித் தேர்வில் அறுபத்தொன்று. அடுத்ததில் ஐம்பத்து நாலு. மூன்றாவதில் நாற்பத்தேழு.

"அப்பா, நாளைக்கு வேதியியல் பரீட்சை. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

"வேதியியல் எங்கே ஓடிப் போகுது? உக்காரு!"

ஓடித்தான் போனது. எப்போதும் தொண்ணூற்றைந்து வாங்குகிறவள் எழுபத்தொன்றோடு வந்து நின்றாள். மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள். டீயோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, தேர்வுல நெறைய குறுக்குவழி இருக்காமே. மொதல்ல நீங்க நூறு மாதிரித் தாள் போட்டு அதைக் கரைச்சுக் குடிச்சிட்டா, கடைசி வாரத்துல ஒரே மூச்சுல அவளுக்கு ஏத்திடலாமே?"

"நானா?"

"வேற யாரால முடியும்?"

வேறு யாராலும் முடியாது என்பதில் அவருக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து பின்னறை அவருடையது. கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஸ்டாப்வாட்ச் சத்தமும் பெருமூச்சும் கேட்கும். முதல் தாளில் முப்பத்து மூன்று. கேள்வியே தப்பு என்றார். ஐம்பதாவது தாளில் எழுபது. எடைக்கு நின்ற லாரி டிரைவர்களிடம் விகிதக் கணக்குக் கேட்டார். அவர்கள் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்கள். நூறாவது தாளில், "தொண்ணூத்தி ரெண்டு!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் நின்றது.

கடைசி வாரம் மகளுக்கு ஏற்றினார். அவளும் போய்த் தேர்வு எழுதினாள். ஐம்பத்தெட்டு வந்தது.

"நான் இல்லேன்னா இருபதுகூட வந்திருக்காது," என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! மகள் அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். எடைமேடைக்காரர் கடிதத்தோடு வாசலுக்கு ஓடினார்.

"ஐம்பத்தெட்டுதான்! ஆனா யார் பயிற்சி குடுத்த ஐம்பத்தெட்டு!" என்று தெருவுக்கே முழங்கினார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தாள். அவளுக்காகக் கடிதத்தை உரக்கப் படித்தார். "பள்ளி மதிப்பெண் தொண்ணூற்றாறு... நுழைவுத் தேர்வு மதிப்பெண்..." குரல் இறங்கியது. "அனுப்பப்படவில்லை?"

"ஆமாங்க, மனுவோட அந்த மார்க்கை நாங்க அனுப்பல," என்றாள் மனைவி. "அனுப்பினா ரெண்டையும் பாதிக்குப் பாதி சேர்ப்பாங்க. அனுப்பலேன்னா பள்ளிக்கூட மார்க்கையே முழுசா எடுத்துப்பாங்க. விதிமுறைப் புத்தகத்துல பதினேழாம் பக்கம், அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு."

"இதை எப்போ படிச்சே?"

"நீங்க ஸ்டாப்வாட்ச் வாங்கப் போயிருந்தப்போ."

"அப்போ நான் போட்ட நூறு தாள்?"

"அது இல்லாமலா இடம் கெடச்சுது? நீங்க அந்த ரூம்ல இருந்ததாலதான் அவ இந்த ரூம்ல படிச்சா."

தையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அண்ணே, அடுத்த வருஷம் என் பையனும் மனுப் போடப் போறான். நாளையிலேருந்து உங்ககிட்ட ஒரு ஆளை அனுப்பட்டுமா?" என்றாள்.

எடைமேடைக்காரர் நிமிர்ந்தார். போன மானம் பாதி திரும்பி வந்தது. "தாராளமா! பையனை ஆறு மணிக்கு வரச் சொல்லு."

"பையன் வீட்டுலயே படிச்சுப்பான் அண்ணே. எங்க வீட்டுக்காரரை அனுப்புறேன்."