ரோஜாவுக்குத் துணையிருந்த தொட்டி மாஸ்டர்

ஒரு செடிக்காக கூட்ஸ் வண்டியை நிறுத்தி வைத்த ஸ்டேஷன் மாஸ்டர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரிடம் நான் தந்தி குமாஸ்தாவாக இருந்தேன். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஷொரணூர் வரை ரயில்காரர்களுக்கு அவர் தொட்டி மாஸ்டர்தான்.

கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே காட்டை ஒட்டி இருந்த சின்ன ஸ்டேஷன் எங்களுடையது. மெயில் நிற்காது. பாசஞ்சர் நிற்கும், இறங்க ஆள் இருக்காது. பனிக்காலம் முடிவதற்குள் கணவாய் வழியாக ஒரு வறண்ட காற்று கிளம்பி, செம்மண்ணை வாரி எல்லோர் வாயிலும் போடும். மாஸ்டர், நான், போர்ட்டர் பழனியப்பன், அவன் பெண்சாதி பொன்னாத்தா, இவ்வளவுதான் ஜனத்தொகை. பேசுவதற்கு இருந்த விஷயமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மாஸ்டரும் நானும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் தனித்தனியாகச் சமைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மாஸ்டருக்குக் குடும்பம் கிடையாது. பிளாட்பாரம் நெடுகத் தொட்டிகள் வைத்திருந்தார். பாசஞ்சர் வரும்போது விறைப்பாக நின்று குரோட்டன்ஸைப் பார்த்து, "பாலக்காடு போறவங்க தயாரா இருங்க" என்பார். ஒரு தொட்டியும் ஏறியதில்லை.

ஒரு மாசி மாதம் அவருடைய ரோஜாவின் இலைகளில் வெளிறிய புள்ளிகள் விழுந்தன, ரவையைத் தூவினது போல. தூசி என்றேன்.

"தூசி நடக்குமா, தந்தியாரே?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து பாசஞ்சர் வந்து நின்றது. கார்டு வெள்ளைக்கோட்டோடு இறங்கினார். மாஸ்டர் நேராக அவரிடம் போய், கையை நீட்டச் சொல்லி, ஒரு இலையை அந்த வெள்ளைக் கோட்டுக் கையின் மேல் தட்டினார். உதிர்ந்த தூசி நாலா பக்கமும் நடக்க ஆரம்பித்தது. மாஸ்டர் விரலால் தேய்த்தார். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நான் கொடி காட்டலாமா, இல்ல இன்னும் கை நீட்டணுமா?" என்றார் கார்டு.

"செம்பேனுங்க" என்றாள் பொன்னாத்தா, எட்டிப் பார்த்து. "எலைக்கு அடியில பாருங்க, நூல் கட்டியிருக்கும்."

இலைக்கு அடியில் பார்ப்பதற்காக மாஸ்டர் பிளாட்பாரத்தில் மல்லாந்து படுத்தார். வண்டியில் இருந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் விழுந்துவிட்டார் என்றே முடிவு கட்டினார்கள். ஒரு பாட்டியம்மாள் இறங்கி ஓடி வந்து கூஜாத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே, "கொஞ்சம் தள்ளி, இலைக்கு அடியில ஊத்துங்கம்மா" என்றார்.

செம்பேனுக்குத் தண்ணீர்தான் எமன். இலையின் அடிப்பக்கத்தை நன்றாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஆனால் எங்கள் கிணற்றில் தவளைகூட நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் அவர் கூட்ஸ் வண்டியை நிறுத்தி, இன்ஜின் டிரைவரிடம் வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கினார். தாமதத்துக்குக் காரணம் 'தண்ணீர் எடுத்தது' என்று எழுதினார். உங்கள் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் வசதியே கிடையாதே, எடுத்தது யார் என்று மேலிடம் கேட்டது. 'நான்' என்று பதில் எழுதினார்.

ஒருமுறை கழுவினால் தீரவில்லை. "செத்தது அப்பனும் ஆத்தாளும். முட்டைக்குள்ள பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லி, அவை பொரித்து வரக் காத்திருந்து மறுபடி கழுவினார். சோப்புத் தண்ணீர் தெளித்தார். கந்தகப் பொடி தூவினார். அதற்குள் பக்கத்துக் குரோட்டன்ஸிலும் புள்ளி விழுந்துவிட்டது.

"ஏனுங்க மாஸ்டருங்க, அந்த ரோசாவத் தனியா வெச்சுப்போடுங்க" என்றாள் பொன்னாத்தா. "ஒட்டி ஒட்டி இருந்தா எல்லாத்துக்கும் ஏறிக்குமுங்க."

அன்று மாஸ்டர் தொட்டிகளுக்கு எந்த வண்டியையும் அறிவிக்கவில்லை. மறுநாள் காலையில் ரோஜாவின் இலைகளையெல்லாம் வெட்டி எரித்துவிட்டு, வெறும் குச்சிகளாக நின்ற தொட்டியைப் பிளாட்பாரத்தின் கடைசியில், விளக்கு அறையின் நிழலில் கொண்டுபோய் வைத்தார். பழனியப்பனைக் கூப்பிட்டு, தன் நாற்காலியையும் மேஜையையும் அங்கேயே போடச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தந்திக்கும் நான் அந்தக் கோடிக்கு ஓட வேண்டியிருந்தது. வெயிலில் கால் கொப்பளித்த ஒரு நாள் கோபத்தோடு கேட்டேன். "செடியைத்தானே சார் தனியா வைக்கச் சொன்னாங்க?"

அவர் குச்சிகளைப் பார்த்தபடியே சொன்னார். "தனியா வைக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், தந்தியாரே. செடிக்கு எதுக்கு அது?"

மறுநாள் மத்தியானம் தந்தியோடு என் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேஜையில் இடம் ஒதுக்கினார். அவருடைய ரசம் படுமோசம். என்னுடையதும் அப்படித்தான் என்று அவர் சொன்னார்.

சோதனைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, பிளாட்பாரக் கோடியில் ஒரு தொட்டிக் குச்சியும் ஒரு மாஸ்டரும் இருப்பதைப் பார்த்து, தொட்டியைத் தூக்கி எறியச் சொன்னார்.

"அது சிக் லீவில இருக்குங்க" என்றார் மாஸ்டர். முகத்தில் சிரிப்பே இல்லை. துரை தொட்டியைச் சுற்றிக்கொண்டு விளக்கு அறையைச் சோதிக்கப் போனார்.

சித்திரையில் மழை இறங்கியது. குச்சிகளில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. மாஸ்டர் ஒரு இலையைத் தன் வேட்டி மேலேயே தட்டிப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. தொட்டியைத் தூக்கிப்போய் மற்றத் தொட்டிகளோடு சேர்த்தார். நாற்காலியைத் தன் அறைக்குள் போடவில்லை. என் தந்திக் கருவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடியில் அவருக்கு ஈரோட்டுப் பக்கம் பெரிய ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. தொட்டிகளைப் பொன்னாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு, கூட்டம் நெரிந்த ஒரு வண்டியில் பெட்டியோடு ஏறினார். உள்ளே போக முடியாமல் கதவோரம் நின்றுகொண்டே போனார்.

வண்டி தங்களைக் கடந்துவிட்டது என்று அடுத்த ஸ்டேஷன் தந்தியில் சொன்னது. அந்தக் கம்பியில் வண்டி விஷயத்தைத் தவிர நான் எதுவுமே பேசியதில்லை. அன்று திரும்பத் தட்டிக் கேட்டேன், எங்கள் மாஸ்டருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று.