கொம்பன் வந்த பக்கம்

"ஔலிக்கி, கொம்பன் உன் பக்கம் வந்துச்சா?"

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் ஹான்னெஸின் குரல் கரகரத்தது.

"இல்லையே... இங்க ஒண்ணும் வரலையே," என்றாள் ஔலிக்கி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

வந்தது. அந்தப் பெரிய ஆண் கடமான் வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டுப் போனது.

அந்தக் குளிர்நாட்டுச் சிற்றூரின் மருந்துக்கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் வேட்டை ஆசை பிடித்தது. பரீட்சை எழுதினாள். கம்பியில் ஓடும் மரமானைக் குறி தவறாமல் சுட்டுக் காட்டினாள். ஹான்னெஸ் தலைமையில் இயங்கும் கடமான் வேட்டைக் குழுவில் இடம் கிடைத்தது. இன்றுதான் முதல் நாள்.

சதுப்பு ஓரத்தில் நின்றவள், முதலில் ஏதோ ஒரு மரம் நகர்வதாகத்தான் நினைத்தாள். அப்புறம் அந்த மரம் அவளைப் பார்த்தது.

குதிரையைவிட உயரம். முறம் முறமாக விரிந்த கொம்புகள். ஒரு கொம்பின் நுனியில் கிழிந்த சிலந்திவலை பனித்துளிகளோடு ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய உடம்பின் கீழே ஒரு சுள்ளிகூட முறியவில்லை. அது மூச்சு விட்டது. வெண்புகை மிதந்துவந்து அவள் கன்னத்தில் பட்டது. ஈரமாக, பச்சிலை வாசனையோடு இருந்தது. ஔலிக்கி தன்னையறியாமல் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். தோளில் துப்பாக்கி தொங்குவது, கொம்பன் சதுப்பைத் தாண்டிப் போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதைப் போய் வாக்கிடாக்கியில் எப்படிச் சொல்வது? வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. ஹல்லி என்ற நாய் தரையை முகர்ந்தபடி நேராக அவள் காலடிக்கு வந்து குரைத்தது. பின்னாலேயே அதன் சொந்தக்காரர் தவுனோ மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா, இவன் உன்கிட்ட வந்து நிக்கிறான்?"

"மோப்பம் தப்பியிருக்கும்."

தவுனோவின் முகம் சிவந்தது. "யாருக்கு, ஹல்லிக்கா? நான் பொண்டாட்டிக்குத் தெரியாம எங்க போனாலும் கண்டுபிடிச்சு அவளைக் கூட்டிட்டு வர்ற நாய்மா இது!"

அதற்குள் ஹான்னெஸும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஹான்னெஸ் குனிந்து தரையைப் பார்த்தார்.

"இது என்ன தடம்?"

"பழசா இருக்கும்."

அவர் தடத்துக்குள் கையை வைத்தார். உள்ளங்கை முழுசாக அடங்கியது. "நேத்துப் பதிஞ்சதுல இப்பத்தான் தண்ணி ஊறுதா?"

"கண்ணாடியில பனி. நான் கவனிக்கல."

"அதோ, அந்தப் புழுக்கையில இன்னும் ஆவி பறக்குதே! மூக்குமா அடைச்சிடுச்சு?" என்றார் தவுனோ.

"ஜலதோஷம்."

"மருந்துக்கடைக்காரிக்கே ஜலதோஷமா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஔலிக்கிக்கு வியர்த்தது. "சரி, வந்துச்சு! விசையை அழுத்தினேன். துப்பாக்கி வெடிக்கல."

சிரிப்பு நின்றது. அது ஹான்னெஸ் அவளுக்கு இரவல் கொடுத்த துப்பாக்கி.

"என் துப்பாக்கியா வெடிக்கல?" அவர் அதை வாங்கித் திறந்தார். உள்ளே தோட்டாவே இல்லை. "போட்ட தோட்டா எங்க?"

ஔலிக்கி மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டாள். எல்லாத் தோட்டாக்களும் பத்திரமாக அங்கேயே இருந்தன.

இனி சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. "சுடணும்னே தோணல ஹான்னெஸ். அவ்வளவு பெரிசு... அவ்வளவு சத்தமில்லாம... நான் தொப்பியக் கழட்டிட்டு நின்னுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தவுனோ அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். ஒருவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நாய்கூட உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் ஹான்னெஸ் தொண்டையைச் செருமினார். "வேட்டைக்கு வந்தவங்களுக்கு வெண்ணெய் நெஞ்சு ஆகாதும்மா. போன வருஷம் என் முன்னால வந்தப்ப மட்டும் காத்து திரும்பலேன்னா..."

"எனக்குக் கண்ணுல வெயில் அடிச்சிடுச்சு," என்றார் தவுனோ அவசரமாக.

"நீ குழுவுல இருக்கணுமா வேணாமான்னு சாப்பிட்டுட்டுப் பேசுவோம். இப்பப் போய் லெம்பிக்கு ஒத்தாசை பண்ணு."

வேட்டைக் குடிசையில் லெம்பி இரும்புப் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். குழுவுக்கு எப்போதும் அவள்தான் சமையல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு பெரிய கறித்துண்டையும் கத்தியையும் ஔலிக்கியிடம் தள்ளினாள்.

"மேல இருக்கிற வெள்ளைச் சவ்வு முழுசும் உரிச்சுடு. விட்டா ரப்பரு. அப்புறம் நாருக்குக் குறுக்கால வெட்டு. அவசரப்படாத, காட்டுக்கறிக்கு அவசரம் ஆகாது."

ஔலிக்கி சவ்வை உரித்துவிட்டு வெட்டினாள். இதுவும் ஒரு காலத்தில் பனியில் சத்தமில்லாமல் நடந்திருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கியது. ஒரு துணுக்கைக்கூட வீணாக்கவில்லை. வாசனைக்கு இடித்துப் போட்ட ஜூனிப்பர் காயும் வெங்காயமும் சேர்ந்து கொதிக்க, குடிசையெங்கும் காடே புகுந்தாற்போல் மணத்தது.

ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கறியும், அதன் மேல் சிவந்த புளிப்புப் பழமும். ஹான்னெஸ் கண்ணை மூடி ஒரு வாய் மென்றார்.

"இதுதான்யா கடமான்! இந்த வீரியம் வேற எதுல வரும்?"

"வாயில வைக்கும்போதே காடு தெரியுது," என்றார் தவுனோ.

சாப்பிட்டு முடித்ததும், ஔலிக்கியின் தலைவிதியை முடிவுசெய்ய எல்லோரும் காப்பிக் கோப்பையோடு வெளியே போனார்கள். அவள் பானையில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தாள். உடம்பு சிலிர்த்தது.

"லெம்பி அக்கா, இவ்வளவு பெரிய உயிரைச் சுட ஒரு துணிச்சல் வேணும், இல்ல? என்னால ஆகாது. என்னை அனுப்பிடுவாங்க. இதை யாரு சுட்டது?"

லெம்பி கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழாதடி, வருஷா வருஷம் கடையில மாட்டுக்கறி வாங்கித்தான் நான் இவங்களுக்கு ஆக்கிப் போடுறேன், கொம்பன் இவங்க ஒவ்வொருத்தர் முன்னாலயும் வந்து நின்னிருக்கு, ஒருத்தரும் சுட்டதில்ல, உண்மையை ஒத்துக்கிட்ட மொத ஆளு நீதான்."