வியாழக்கிழமைக் கணவன்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: அமெரிக்க அரசு அயல்நாட்டாருக்காகத் தயாரிக்கும் வானொலிப் பேச்சைச் சொந்த மக்களிடையே பரப்பக் கூடாது. அரசாங்கமே தன் குடிமக்களை மூளைச்சலவை செய்துவிடக் கூடாதே என்று மேன்மை தங்கிய காங்கிரஸ் போட்ட சட்டம். 1974 மார்ச்சில் இச்சட்டத்தால் வாஷிங்டனில் தூக்கம் கெட்ட ஒரே குடிமகன் ஆர்வில் ஸ்டாட்லர். விவசாயத் துறையில் முட்டைகளைத் தரம் பிரிக்கும் அதிகாரி.

அவன் மனைவி வெர்னாவுக்கு அந்த அயல்நாட்டு வானொலியில்தான் வேலை. ஆறு மாதம் முன்பு, தான் இப்போது ஒலிபரப்பில் பேசுவதாகச் சொன்னாள். "நல்லது. உப்பை இப்படித் தள்ளு" என்றான் ஆர்வில்.

கார் சாவிக்காக அவள் கைப்பையைத் துழாவியபோதுதான் டைப் அடித்த ஒரு கடிதம் அகப்பட்டது. கானாவிலிருந்து ஒரு நேயர்.

"அம்மணி, வியாழன்தோறும் உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டு மகிழ்கிறோம். பாத்திரம் கழுவுகிறார், உங்கள் உடைக்கு இஸ்திரி போடுகிறார். என் மனைவி இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்."

ஆர்வில் பிறந்ததிலிருந்து பாத்திரம் கழுவியதில்லை. அப்படியானால் அந்தக் கணவன் யார்?

"ரேடியோல என்ன பேசுறே?" என்றான் அன்று மாலை.

"சொல்லக் கூடாது. நீ உள்நாட்டு ஆளு."

"நான் உன் புருஷன்."

"புருஷனுக்கு விதிவிலக்குன்னு சட்டத்துல இல்லியே, ஆர்வில்."

மறுநாளே சிற்றலை வானொலி ஒன்று வாங்கினான். கரகரப்பும் பல்கேரியப் பாட்டும்தான் கேட்டன. அலையைப் பிடிக்கக் கூரையேறிக் கம்பி கட்டினான். பக்கத்து வீட்டு ஹாஸ்கெல் கீழே நின்று பார்த்தார்.

"என்னய்யா, மாஸ்கோவோட பேசறியா?"

"என் பொண்டாட்டி பேசறதைக் கேக்கணும்."

"அதுக்கு எவனாவது கூரை ஏறுவானா? என் வீட்ல அடுத்த தெரு வரைக்கும் கேக்குது."

சிரித்ததில் கால் வழுக்கி, மழைநீர்க் குழாயோடு இறங்கினான் ஆர்வில்.

முகம் தெரியாத ஒருவனிடம் தோற்பதா? நொண்டிக்கொண்டே பாத்திரம் கழுவத் தொடங்கினான். ஒவ்வொரு தட்டையும் முட்டை பார்ப்பதுபோல் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். இஸ்திரி போட்டதில் அவளுடைய நீலக் கவுன் கருகியது. புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் சோபாவில் டைப் அடித்த இன்னொரு கடிதம் கிடந்தது. அந்த மகராசன் ஞாயிறுதோறும் மாமியாரைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறானாம்.

மாமியார் பால்டிமோரில் இருந்தாள். ஆர்வில் போய் நின்றான்.

"என்ன மாப்ளே, வேலை போயிடுச்சா?" என்றாள் அவள்.

வெர்னா இப்போது பாடிக்கொண்டே வளைய வந்தாள். அதுதான் அவனை அரித்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் பாடிக் கேட்டதில்லை. வேறொருவன் இல்லாமல் ஒருத்தி இப்படிப் பாடுவாளா?

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வானொலி அலுவலகத்துக்கே போனான். வரவேற்பில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

"கானாவுக்குப் போற வியாழக்கிழமைப் பேச்சு. அதோட பிரதி வேணும்."

"உள்நாட்டுக்காரங்களுக்குத் தர்றதில்ல, சார். சட்டம்."

"பிரதி வேண்டாம். அதுல வர்ற புருஷன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. என் குடும்பமே அதுல தொங்குதும்மா."

அவன் விரல்களில் இஸ்திரிச் சூட்டுக் கொப்புளங்கள். அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது.

"யார் பேசறாங்க, பேர் சொல்லுங்க. பாக்கறேன்."

"வெர்னா ஸ்டாட்லர்."

அவள் பட்டியலைத் திறக்கக்கூட இல்லை.

"வெர்னாவா? மூணாவது மாடில டைப் அடிக்கிறவங்க, சார். மைக் பக்கமே அவங்க போனதில்ல."