எல்லர்ஸ்லிக்குப் போன நிச்சய மோதிரம்

எனக்குப் பிடிவாதம் அதிகம். அதைக் கௌரவம் என்று சொல்லியே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். (மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன சொத்து?)

என் மகன் செந்திலின் நிச்சயதார்த்தம் ஒரு சனிக்கிழமை நடந்தது. நாங்கள் திண்டுக்கல், பெண் வீட்டார் யாழ்ப்பாணம். "இது சரிவருமோ?" என்று பெண்ணின் அப்பா கடைசி வாரம் வரை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பமும் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தின் நடுவில், பிரிட்டோமார்ட் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மண்டபம். மோதிரம் மாற்றப் பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள் நேரம் குறித்திருந்தார்கள். எல்லோரும் விடிந்ததுமே காரில் போய்விட்டார்கள். நான் மட்டும், "தனியா ட்ரெயின்ல வர்றேன், பாருங்க" என்று கிளென் ஈடனில் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டேன். பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரம் என் கைப்பையில். வேறு யாரை நம்புவது?

பிரிட்டோமார்ட், பழைய தபாலாபீஸ் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நானும் எழுந்து, வாட்சைப் பார்த்தேன். பத்தேகால்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்! நிச்சய மோதிரத்தோடு அந்த நேரத்தில் கீழே கால் வைப்பேனா? கடைசி ஸ்டேஷன்தானே, வண்டி எங்கே போய்விடப் போகிறது? மறுபடி உட்கார்ந்தேன். (இப்போது அந்தப் பக்கமும் சுரங்கம் தோண்டிவிட்டார்கள். அப்போதெல்லாம் வண்டி வந்த வழியே திரும்பும். இது தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

புதிதாகச் சிலர் ஏறினார்கள். அவர்களும் நேரம் பார்க்கிறார்கள் போல என்று நினைத்தேன். கதவு மூடியது. வண்டி பின்னால் நகர்ந்தது. சுரங்கம் முடிந்து பளீரென்று வெயில் அடித்தபோது வந்த வழியே திரும்புகிறேன் என்பது எனக்கு உறைத்தது.

போன் அடித்தது. செந்தில்.

"அம்மா, வந்துட்டியா?"

"வந்துட்டேன்டா. வந்துட்டுப் போயிட்டிருக்கேன்."

"எங்க போறே? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு!"

"ராகு காலம். பத்தரைக்குத்தான் இறங்குவேன்."

"ஐயோ, அம்மா!"

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்தது. ஒவ்வொரு முறையும் வாட்சைப் பார்த்தேன். முள் நகரவே இல்லை, வண்டி மட்டும் பறந்தது. பத்தரை தாண்டி ஒரு நிமிஷத்தில் வலது காலை எடுத்து வைத்தேன். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்ததோ! செந்திலைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாளின் காதில் போனை வைத்தேன். அவள் "எல்லர்ஸ்லி" என்றாள்.

அங்கே பெஞ்சில் மோதிரப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். என்னால் இந்தச் சம்பந்தம் முறிந்தால் செந்தில் முகத்தில் எப்படி விழிப்பேன்? மாப்பிள்ளையே பட்டு வேட்டியோடு கார் ஓட்டி வந்து சேர்ந்தான். வழியெல்லாம் அவன் ரோட்டையும் மணியையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் தேவலாம்.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று இருபத்தேழு. பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றார். "மோதிரமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. நான் பயந்து போனன்" என்றார். நான் தலை நிமிர்ந்து, "ராகு காலத்துல இறங்கக் கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன்" என்றேன்.

சம்பந்தியம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"ஓம், இறங்கக் கூடாதுதான். ஆனா கிளென் ஈடனிலை ரயில் ஏறேக்கை எத்தினை மணி?"

ஒன்பதரை.

பெண்ணின் அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே மகளை அழைத்து மோதிரத்துக்கு விரலை நீட்டச் சொன்னார்.

இப்போதும் எங்கே போனாலும், காரை நிறுத்திய பிறகு நான் கொஞ்சம் தாமதித்தால் போதும். மருமகள் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள்.

"மாமி, கெதியா இறங்குங்கோ. எல்லர்ஸ்லி வந்திடும்."